கண்ணை மட்டும் பார்க்காத வைத்தியர்: ஹுலூசி பெஹ்செத்தின் வாழ்க்கை சொல்லும் பாடம்

முஸ்லிம்களின் மருத்துவப் பங்களிப்பு பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நாம் இப்னு ஸீனாவிடமும் அர்-ராஸியிடமும் இப்னுல் ஹைஸமிடமும்தான் போய் நிற்கிறோம். சுமார் ஆயிரம் வருடங்களுக்கு முன் வாழ்ந்த அந்த அறிஞர்களோடு நமது பெருமை நின்றுவிடுகிறது. நமது பாட்டன்மார் காலத்திலேயே வாழ்ந்து, இன்று உலகெங்கும் மருத்துவப் பாடநூல்களில் ஒரு நோயின் பெயராகவே நிலைத்துவிட்ட ஒரு முஸ்லிம் வைத்தியரை நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

அவர்தான் துருக்கியைச் சேர்ந்த பேராசிரியர் ஹுலூசி பெஹ்செத். அவர் ஒரு தோல் வைத்தியர். கண் வைத்தியம் அவரது துறையே அல்ல. ஆனாலும், இளம் வயதினரின் இரு கண்களையும் சில வருடங்களுக்குள் பறித்துவிடும் ஒரு நோய், உடலின் பல இடங்களில் தோன்றும் ஒரே நோய்தான் என்று உலகுக்கு எடுத்துக் காட்டியவர் அவரே.

அவரது வாழ்க்கையை இப்போது எழுதுவதற்குப் பெருமை மட்டும் காரணமல்ல. கண்ணில் வந்த வருத்தத்தைக் கண்ணோடு மட்டும் வைத்துப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. உடலின் மறைவிடங்களில் உள்ள புண்களை வைத்தியரிடம் சொல்ல வெட்கப்படும் பழக்கமும் இருக்கிறது. இவை இரண்டும் ஒருவரது பார்வையையே பறித்துவிடக் கூடும் என்பதை ஹுலூசி பெஹ்செத்தின் நோயாளிகளின் கதை நமக்குக் காட்டுகிறது.

இளமையும் கல்வியும்

1889 பெப்ரவரி 20ஆம் திகதி, அப்போது உஸ்மானியப் பேரரசின் தலைநகராக இருந்த இஸ்தான்பூலில் அவர் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். தந்தை அஹ்மத் பெஹ்செத்தின் தொழில் காரணமாகப் பிள்ளைப் பருவத்தின் ஒரு பகுதியை டமஸ்கஸில் கழித்தார். இளமையிலேயே பிரெஞ்சு, லத்தீன், ஜேர்மன் ஆகிய மொழிகளைக் கற்றுக்கொண்டார். ஐரோப்பிய மருத்துவ உலகுடன் அதன் மொழிகளிலேயே பேசவும் எழுதவும் இந்த மொழியறிவே பிற்காலத்தில் அவருக்கு உதவியது.

பதினாறாவது வயதில் இராணுவ மருத்துவக் கல்வியில் சேர்ந்து, 1910இல், 21 வயதில், வைத்தியராக வெளியேறினார். பின்னர் குல்ஹானே இராணுவ வைத்தியசாலையில் தோல் நோய்களிலும் பால்வினை நோய்களிலும் விசேட பயிற்சி பெற்று 1914இல் அதனை முடித்தார். அதே வருடம் முதலாம் உலகப் போர் வெடித்தது. போர்க்காலம் முழுவதும் கிர்க்லாரேலி, எதிர்னே ஆகிய நகரங்களின் இராணுவ வைத்தியசாலைகளில் கடமையாற்றினார். போர் முடிந்ததும் புடாபெஸ்ட்டுக்கும், பின்னர் பெர்லினின் புகழ்பெற்ற ஷரிட்டே வைத்தியசாலைக்கும் சென்று அறிவை வளர்த்துக்கொண்டு நாடு திரும்பினார்.

அந்தக் காலத்தில் தோல் நோயும் பால்வினை நோயும் ஒரே வைத்தியரின் துறையாக இருந்தன. அதற்குக் காரணம் சிபிலிஸ் என்ற நோய். பென்சிலின் பாவனைக்கு வராத காலம் அது. சிபிலிஸ் தோலில் தொடங்கி வாய், கண், மூளை, இதயம் என உடல் முழுவதும் பரவும். எந்த நோயைப் போலவும் அது வேடம் போடும். அதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் நோயாளியைத் தலை முதல் கால் வரை பார்க்க வேண்டும். பழைய கதைகளையெல்லாம் கேட்க வேண்டும். இந்தப் பயிற்சிதான் ஹுலூசி பெஹ்செத்தை ஏனைய பலரிடமிருந்து வேறுபடுத்தியது.

1923இல் இஸ்தான்பூலின் ஹஸ்கோய் பால்வினை நோய் வைத்தியசாலையின் தலைமை வைத்தியரானார். சிறிது காலத்தில் குரபா வைத்தியசாலைக்கு மாறினார். குரபா என்றால் ஆதரவற்றோர், ஊரற்றோர் என்பது நமக்குத் தெரியும். சுல்தான் அப்துல் மஜீதின் தாயார் பெஸ்மியாலம் 1840களில் ஏழை முஸ்லிம்களுக்காக வக்பு செய்து கட்டிய வைத்தியசாலை அது.

அந்த வருடங்களில் அவர் சிபிலிஸ் பற்றியும், மணல் ஈயால் பரவும் லீஷ்மேனியா புண் பற்றியும் நிறைய ஆராய்ந்தார். இன்று நமது நாட்டிலும் காணப்படும் அந்தப் புண்ணின் பொருக்கைத் தூக்கிப் பார்த்தால், அதன் அடிப்பக்கத்தில் ஆணி போன்ற முனைகள் நீட்டிக்கொண்டிருப்பதை அவர் அடையாளமாகச் சொன்னார். கண்ணால் கூர்ந்து பார்ப்பதும், பார்த்ததை எழுதி வைப்பதும் அவரது இயல்பாகவே இருந்தது.

பார்வை இழந்த முதல் நோயாளி

1924-25 காலப்பகுதியில் ஒரு நோயாளி அவரிடம் வந்தார். பல வருடங்களாக இஸ்தான்பூலிலும் வியன்னாவிலும் சிகிச்சை பெற்றும் குணமாகாதவர். வாயிலும் மறைவிடத்திலும் புண்கள் வந்து வந்து ஆறின. கண்களில் அழற்சி மீண்டும் மீண்டும் தாக்கியது. கண் வைத்தியர்கள் சிபிலிஸாக இருக்கலாம், கசநோயாக இருக்கலாம் என்றார்கள். வியன்னாவின் தோல் வைத்தியர்கள் இனம் தெரியாத ஏதோ ஒரு நுண்ணுயிர் என்றார்கள்.

கண்ணின் நிறமுள்ள வளையமான கதிராளியில் ஒரு பகுதியை வெட்டியெடுக்கும் சத்திரசிகிச்சையும் அவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடவைகள் செய்யப்பட்டது. இறுதியில் அவர் பார்வையை முற்றாக இழந்தார்.

அன்றைய வைத்தியர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களுக்குத் தெரிந்த வழியில் அவர்கள் முயன்றார்கள். ஆனால் இந்த நோய்க்கு ஒரு விசித்திரமான தன்மை உண்டு என்பது இன்று நமக்குத் தெரியும். இந்நோயாளிகளில் பலருக்கு, ஊசியால் தோலில் குத்தினாலே ஓரிரு நாட்களில் அந்த இடத்தில் சிறு கொப்புளம் தோன்றும். உடலின் எதிர்ப்புச் சக்தி சிறு காயத்துக்கும் அளவுக்கு மீறிக் கொதித்தெழுகிறது. அப்படிப்பட்ட உடலில், அழற்சி அடங்காத கண்ணில் கத்தி வைத்தால் அழற்சி மேலும் பெருகும். ஆகவேதான் இன்று, இத்தகைய நோயாளிக்குக் கண்புரை சத்திரசிகிச்சை தேவைப்பட்டால்கூட, மருந்துகளால் கண் குறைந்தது மூன்று மாதங்களாவது அமைதியாக இருக்க வேண்டும் என்று வைத்தியர்கள் காத்திருக்கிறார்கள்.

ஹுலூசி பெஹ்செத்திடமும் அன்று பதில் இருக்கவில்லை. ஆனால் பதில் இல்லை என்பதற்காக அவர் அந்த நோயாளியைக் கைவிடவில்லை. பல வருடங்கள் தொடர்பிலேயே இருந்தார். அறிகுறிகளைக் குறித்து வைத்தார். பொருந்தாத ஒரு நோய்ப் பெயரை ஒட்டிவிட்டு ஓய்ந்துவிடாமல், கேள்வியைத் திறந்தே வைத்திருந்தார்.

இரண்டாவது, மூன்றாவது நோயாளிகள்

1930இல் ஒரு பெண் அவரது கிளினிக்குக்கு அனுப்பப்பட்டார். கண்ணில் எரிச்சல், வாயில் புண், மறைவிடத்தில் புண். ஹுலூசி பெஹ்செத்துக்கு உடனே பழைய நோயாளியின் ஞாபகம் வந்தது. புண்களிலிருந்து திசுத் துண்டுகளை எடுத்துப் பரிசோதித்தார். கசநோய் இல்லை, சிபிலிஸ் இல்லை, பூஞ்சணத் தொற்றும் இல்லை. கண் வைத்தியப் பேராசிரியர்களிடம் அந்தப் பெண்ணைக் காட்டினார். அவர்கள் பார்த்தபோது கண்ணின் அழற்சி தணிந்திருந்தது. எனவே கண்ணில் எதுவும் இல்லை என்றே அவர்கள் கருதினார்கள்.

இந்த நோயின் தந்திரமே இதுதான். அது வரும், போகும். வாய்ப்புண் இருக்கும் நாளில் கண் தெளிவாக இருக்கும். கண் சிவக்கும் நாளில் வாய்ப்புண் ஆறியிருக்கும். ஒவ்வொரு வைத்தியரும் தன் முன்னால் உள்ள ஒரு நாளின் ஒரு உறுப்பை மட்டும் பார்த்தால், நோய் யாருடைய கண்ணிலும் படாமல் தப்பிவிடும்.

இடையில் 1933இல் துருக்கியின் உயர்கல்வி சீர்திருத்தப்பட்டு, புதிய இஸ்தான்பூல் பல்கலைக்கழகம் உருவானது. அதில் ஹுலூசி பெஹ்செத் பேராசிரியரானார். தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவின் தலைவரானார். ஹிட்லரின் ஆட்சியிலிருந்து தப்பி வந்த பல ஜேர்மன் பேராசிரியர்களும் அதே பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றார்கள். அடுத்த வருடம் துருக்கியில் குடும்பப் பெயர் கட்டாயமாக்கப்பட்டபோது, தந்தையின் பெயரான பெஹ்செத் என்பதையே அவர் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார். அரபியில் பஹ்ஜத் என்று நாம் அறிந்த, மகிழ்ச்சியையும் ஒளியையும் குறிக்கும் சொல்தான் அது.

1936இல் பல் வைத்தியப் பிரிவிலிருந்து ஓர் ஆண் நோயாளி வந்தார். வாய்ப்புண், முதுகில் பருக்கள், விதைப்பையில் புண், கண்ணில் எரிச்சல், மாலை நேரக் காய்ச்சல், வயிற்று நோவு. பல் வைத்தியர்களால் ஒரு சிறு கட்டியைத் தவிர வேறு காரணம் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்று நோயாளிகள், பன்னிரண்டு வருடங்கள். இவை மூன்றும் ஒரே நோய், இதுவரை பெயரிடப்படாத நோய் என்ற முடிவுக்கு ஹுலூசி பெஹ்செத் வந்தார்.

ஏற்க மறுத்த உலகம்

1937இல் ஜேர்மன் மொழியில் வெளிவந்த ஒரு தோல் மருத்துவ சஞ்சிகையில் தனது முடிவை வெளியிட்டார். அதே வருடம் பாரிஸில் நடந்த தோல் வைத்தியர்களின் கூட்டத்திலும் அதனை முன்வைத்தார். வாயில் திரும்பத் திரும்ப வரும் புண், மறைவிடப் புண், கண் அழற்சி ஆகிய மூன்றும் சேர்ந்தது ஒரு தனி நோய் என்பதே அவரது வாதம்.

கண் வைத்தியர்கள் அதை ஓரளவு விரைவாக ஏற்றுக்கொண்டார்கள். அவரது சொந்தத் துறையினரான தோல் வைத்தியர்களோ நெடுநாள் மறுத்தார்கள். ஏற்கனவே தெரிந்த ஏதோ ஒரு தோல் நோயின் வேறு வடிவமே இது என்று வாதிட்டார்கள். ஆனால் பெல்ஜியம், இத்தாலி, ஆஸ்திரியா, அமெரிக்கா, ஜப்பான் என ஒவ்வொரு நாட்டிலிருந்தும் அதே போன்ற நோயாளிகள் பற்றிய அறிக்கைகள் வந்துகொண்டே இருந்தன. 1947இல் ஜெனீவாவில் நடந்த சர்வதேச மருத்துவ மாநாட்டில், சூரிச் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் பிரேரணைப்படி இந்நோய்க்கு ஹுலூசி பெஹ்செத்தின் பெயர் சூட்டப்பட்டது.

இங்கு இன்னொருவரையும் நியாயமாக நினைவுகூர வேண்டும். துருக்கியின் புர்ஸா நகரில் பிறந்த கிரேக்கக் கண் வைத்தியர் பெனடிக்டோஸ் அடமன்டியாடிஸ், 1930இலேயே ஏதென்ஸில் இத்தகைய ஒரு நோயாளியைப் பற்றி விளக்கியிருந்தார். ஆகவே சிலர் இருவரின் பெயரையும் சேர்த்தே இந்நோயை அழைக்கிறார்கள்.

நோய்க்குக் காரணம் வைரஸாக இருக்கலாம் என்று ஹுலூசி பெஹ்செத் நம்பினார். அது நிரூபிக்கப்படவில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தி தனது இரத்தக் குழாய்களையே தாக்குவதால் வரும் அழற்சி இது என்பதே இன்றைய விளக்கம். ஆயினும் அவர் தீட்டிய நோயின் சித்திரம் அப்படியே நிலைத்துவிட்டது. காரணத்தைப் பற்றிய ஊகம் பிழைத்தாலும், கவனித்து எழுதியது பிழைக்கவில்லை.

1948 மார்ச் 8ஆம் திகதி மாரடைப்பால் அவர் காலமானார். வயது 59. அவர் இறந்து ஆறு மாதங்களின் பின்னர்தான் அமெரிக்காவில் ஒரு மூட்டுவாத நோயாளிக்கு முதன் முதலாக கோர்ட்டிசோன் என்ற மருந்து ஏற்றப்பட்டது. தான் அடையாளம் கண்ட நோயை அடக்கக்கூடிய மருந்து ஒன்றையும் காணாமலேயே அவர் போய்ச் சேர்ந்தார்.

அவருக்குப் பின் வந்த மாற்றம்

பெஹ்செத் நோய் துருக்கி, ஈரான், ஈராக் முதல் சீனா, கொரியா, ஜப்பான் வரை, பழைய பட்டுப் பாதை நெடுகிலும் உள்ள நாடுகளில் அதிகம் காணப்படுகிறது. உலகிலேயே துருக்கியில்தான் மிக அதிகம். இளம் ஆண்களில் இது கடுமையாக இருக்கும். ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கண் பாதிக்கப்படும். பெரும்பாலும் இரண்டு கண்களும். கண்ணின் முன்பகுதியில் சீழ் போன்ற வெள்ளைப் படிவு தேங்கும். அதைவிட ஆபத்தானது, உள்ளே விழித்திரையின் இரத்தக் குழாய்கள் அழற்சியடைந்து அடைபடுவது. ஒவ்வொரு தாக்குதலும் ஒரு தழும்பை விட்டுச் செல்லும். பார்வை படிப்படியாகக் குறையும். லெபனானிலிருந்து 1970இல் வெளியான ஓர் ஆய்வு, கண் நோய் தொடங்கி சராசரியாக மூன்றரை வருடங்களுக்குள் பார்வை பறிபோவதாகக் காட்டியது.

1977இல் இஸ்தான்பூலின் ஜெர்ராஹ்பாஷா மருத்துவ பீடத்தில் இந்நோய்க்கென்றே தனி கிளினிக் ஒன்று ஆரம்பிக்கப்பட்டது. கண் வைத்தியர், தோல் வைத்தியர், மூட்டுவாத வைத்தியர், நரம்பு வைத்தியர் எல்லோரும் ஒரே இடத்தில் ஒரே நோயாளியைப் பார்க்கும் ஏற்பாடு அது. அங்கிருந்து 1990இல் வெளிவந்த ஆய்வு, அசதியோபிரின் என்ற குளிசை இந்நோயாளிகளின் பார்வையைக் காப்பாற்ற உதவுகிறது என்று நிரூபித்தது. 2001இல் கிரேக்க வைத்தியர்கள், இன்ஃப்ளிக்சிமாப் என்ற உயிரியல் மருந்தை ஒரு தடவை ஏற்றியதிலேயே கடுமையான கண் அழற்சி சில நாட்களில் வேகமாகத் தணிந்ததாக அறிவித்தார்கள். 2007இல் ஜப்பான் அதற்கு அங்கீகாரம் வழங்கியது. முன்பு நிச்சயம் என்று கருதப்பட்ட குருட்டுத்தன்மை, இன்று உரிய நேரத்தில் சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலும் தவிர்க்கக்கூடியதாகிவிட்டது.

ஆனால் மருந்து வந்ததும் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. இது கண்ணுக்கு மட்டும் போடும் துளி மருந்தால் தீரும் நோயல்ல. உடல் முழுவதும் செல்லும் மருந்து வேண்டும். அந்த மருந்தைத் தெரிவு செய்ய உடல் முழுவதையும் அறிய வேண்டும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இளைஞர் ஒருவருக்குக் கண்ணில் கடும் தாக்குதல். அவருக்கு நீரிழிவும் இருக்கிறது. அழற்சியை உடனடியாக அடக்க ஸ்டெரொயிட் கொடுக்க வேண்டும். கொடுத்தால் சீனி ஏறும். நீண்ட காலம் கொடுத்தால் கண்ணின் அழுத்தமும் கூடும், கண்புரையும் வரும். உயிரியல் மருந்தைக் கொடுக்கலாம். ஆனால் உடலில் எங்காவது கசநோய்க் கிருமி உறங்கிக் கிடந்தால் அது விழித்தெழும். ஆகவே முதலில் கசநோய்ப் பரிசோதனை. தேவைப்பட்டால் அதற்குத் தடுப்புச் சிகிச்சை. சிக்லோஸ்போரின் கொடுக்கலாம், ஆனால் நோய் மூளையைத் தொட்டிருந்தால் அது உகந்ததல்ல, சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டும். காலில் இரத்தம் உறைந்திருக்கிறது என்று இரத்தத்தை இளக்கும் மருந்தைக் கொடுத்தால், நுரையீரலின் இரத்தக் குழாய் வீங்கியிருக்கும் பட்சத்தில் உயிராபத்தான இரத்தப்போக்கு ஏற்படலாம். இத்தனையையும் யோசிக்க நாட்கள் கிடையாது. விழித்திரை காத்திருக்காது.

ஒரு கண் வைத்தியரால் தனியாக இந்த முடிவை எடுக்க முடியாது. நோயாளி தனது முழுக் கதையையும் சொல்லாவிட்டால் எந்த வைத்தியராலும் எடுக்க முடியாது.

நமக்கான பாடம்

பெஹ்செத் நோய் நமது நாட்டில் அரிது. வாய்ப்புண் வந்த எல்லோருக்கும் இந்நோய் என்று யாரும் பயப்படத் தேவையில்லை. பெரும்பாலான வாய்ப்புண்கள் சாதாரணமானவை. ஆனால் இந்த நோய் கற்றுத் தரும் பாடம் நீரிழிவு, மூட்டுவாதம், சிறுநீரக நோய், கசநோய் என எந்த வருத்தத்தோடு கண் நோயும் சேர்ந்து வந்தாலும் பொருந்தும்.

நம்மில் பலரிடம் ஒவ்வொரு வருத்தத்துக்கும் ஒவ்வொரு கிளினிக் கொப்பி இருக்கிறது. கண் கிளினிக்குக்குப் போகும்போது கண் கொப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறோம். இனி எல்லாக் கொப்பிகளையும், பாவிக்கும் எல்லாக் குளிசைகளையும் கொண்டு போவோம். முன்பு வந்து ஆறிப்போன புண்களையும், மூட்டு வீக்கத்தையும், வீட்டில் யாருக்காவது கசநோய் இருந்ததையும் கேட்காமலேயே சொல்வோம். தாக்குதல் நாளில் கண் சிவந்திருந்ததைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைப்பதும் பயன் தரும்.

மறைவிடப் புண்ணைப் பற்றிச் சொல்வதற்கு, குறிப்பாக நமது பெண்கள், மிகவும் கூச்சப்படுகிறார்கள். தவறான நடத்தையால் வந்த நோய் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் அதற்குள் இருக்கிறது. பெஹ்செத் நோய் பால்வினை நோயல்ல. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. வெட்கம் ஈமானின் ஒரு பகுதிதான். ஆனால் சிகிச்சைக்காக வைத்தியரிடம் உண்மையைச் சொல்வதை மார்க்கம் தடுக்கவில்லை. ஆண் வைத்தியரிடம் சொல்லத் தயக்கம் என்றால் பெண் வைத்தியர் ஒருவரைக் கேட்டுப் பெறலாம். மறைத்து வைத்தால் இழக்கப்போவது கண்ணாக இருக்கலாம்.

கண் சிவந்து, நோவெடுத்து, பார்வையும் மங்கினால் பாமஸியில் துளி மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு நாட்களைக் கடத்தக் கூடாது. அன்றைய தினமே கண் வைத்தியரிடம் செல்ல வேண்டும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளைப் பாவிப்பவர்கள், கண் தெளிந்துவிட்டது என்று தாமாகவே நிறுத்திவிடவும் கூடாது. கண் தெளிவாக இருப்பதே அந்த மருந்தால்தான்.

ஹுலூசி பெஹ்செத்தின் முதல் நோயாளிக்கு இந்த வாய்ப்புகள் எதுவும் இருக்கவில்லை. அவரது நோய்க்கு அப்போது ஒரு பெயர்கூட இருக்கவில்லை. அவர் பார்வையை இழந்த பின்னரும் அவரை மறக்காமல் தொடர்ந்து பார்த்துவந்த ஒரு வைத்தியரால்தான், அவருக்குப் பின்னால் வந்த நோயாளிகளுக்கு அந்தப் பெயரும், பின்னர் சிகிச்சையும் கிடைத்தன. இன்று இரண்டும் நம்மிடம் இருக்கின்றன. நமது உடலின் முழுக் கதையையும் நேரத்தோடு சொல்வது மட்டும்தான் நாம் செய்ய வேண்டியது.